சிவப்பு எச்சரிக்கை

பத்து மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றார்கள்.
எட்டரைக்கே காற்று வந்துவிட்டது.
சேன் தெனி கடல் முழுக்க
எங்கள் ஜன்னல் பலகையில் மோதிக்கொண்டிருக்க
மதாம் கிரோந்தேன் தொலைபேசியில் சொன்னாள்:
முதலில் இளவரசனை இறக்குங்கள்.

இறக்கினோம், நானும் ஜிஸ்லேனும்.
சட்டத்தோடு முப்பத்தெட்டு கிலோ.
நாலு வயசுப் பிள்ளை இவ்வளவு கனக்குமா என்று
படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் சிரித்தாள்.
சட்டமெல்லாம் சிப்பி, சுருண்ட இலை, மறுபடி சிப்பி.
பொன்பூச்சு உதிர்ந்து
மஞ்சள்பொடியாய் என் சட்டையில்.

ஒன்பது வருஷம் அவனைத் துடைத்திருக்கிறேன்.
முதல் வருஷம் பெண்பிள்ளை என்றே நினைத்தேன்.
இளஞ்சிவப்புப் பட்டுப் பாவாடை,
மாவு தூவிய தலை, கன்னத்தில் குங்குமம் தடவிய மாதிரி சிவப்பு.
வலது கையில் ஒரு பிஸ்கட்.
ஓவியர் அதைக் கடிக்க விடவில்லை.
நாய்க்குட்டி மட்டும்
இருநூற்று அறுபது வருஷமாக அதையே பார்க்கிறது.

பக்கத்துச் சீட்டில் நாலு வரி:
ராஜாவின் மூன்றாம் மகன்.
வர்ணம் காயுமுன் வைசூரி.
ஆனால் படம் அதற்குள் கப்பலேறிவிட்டது.
சாவுச் செய்தி அடுத்த கப்பலில்.
ஆக, ஐந்து மாதம்
பூர்போன் தீவில் மட்டும் அவன் உயிரோடிருந்தான்.
விருந்துதோறும் எழுந்து நின்று
அவன் ஆயுளுக்குக் குடித்தார்கள்.

மின்சாரம் போனது.
நிலவறையில் கைவிளக்கு வெளிச்சத்தில்
அவனைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தோம்.
அப்போதுதான் முதுகு தெரிந்தது.
கிழிசலில் ஒட்டுப்போட்ட துணி,
நாலு உள்ளங்கை அகலம்,
கறுப்பை எட்டிப்பிடித்த அவுரி நீலம்.
பாவாடைக்கு நேர் பின்னால்.

எனக்குத் தெரியும் அந்த நீலம்.
மேல்மாடியில், இரண்டாம் அறையில்,
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சட்டை இருக்கிறது.
புதுச்சேரித் துணி,
அடிமைகளுக்கு வருஷத்துக்கு ஒன்று.
அதையும் நான்தான் துடைக்கிறேன்,
கண்ணாடியை மட்டும்.

ஒட்டின் ஓரத்தில் ஒரு முத்திரை.
ஜிஸ்லேன் விளக்கைக் கிட்டே பிடித்தாள்.

அ.

கோயில் சனிக்கிழமை வகுப்பில்
நான் தாண்டாத பன்னிரண்டில் முதலாவது.
என்ன அது? என்றாள். அ, என்றேன்.
அ என்றால்?
எனக்கு அதற்குமேல் தெரியவில்லை.
வெளியே யார் வீட்டுக் கூரைத் தகடோ
தெரு நீளத்துக்குக் கத்திக்கொண்டே ஓடியது.
பெல்பியேரில் தனியாயிருக்கும் தன் மகனுக்கு
அவள் பதினேழு முறை போன் போட்டாள். கிடைக்கவில்லை.
நடுநடுவே டாக்டர் முன்னால் உட்கார்ந்த பிள்ளைபோல்
வாயைத் திறந்து, அ,
இருட்டில் சொல்லிப் பார்த்தாள்.
நாலரைக்கு அவனே கூப்பிட்டான்.
வாழைமரம் எல்லாம் போச்சு, பூனை இருக்கு.

அடுத்த வாரம்
காரைக்காலிலிருந்து வந்த குருக்களிடம் போட்டோ காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
எழுத்தா இருக்காதுப்பா, பழைய கணக்கு.
அப்போ எட்டுக்கும் இதே உருவம்தான்.
எட்டாவது கட்டோ, எட்டு முழமோ.

இருக்கலாம்.
என் பெயரே அடையாள அட்டையில் கார்ப்பனேன்.
கருப்பணன் என்று யாரோ சொன்னது
ஒரு குமாஸ்தா காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

சீட்டில் ஐந்தாவது வரி சேர்க்க
மதாம் கிரோந்தேன் பாரிசுக்கு எழுதியிருக்கிறாள்.
பதில் இன்னும் கப்பலில்.

படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டோம்.
நாய்க்குட்டி பிஸ்கட்டை விடவில்லை.
வாளியோடு அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம்
ஜிஸ்லேன் அவன் முன் நின்று
பெரிதாக வாயைத் திறக்கிறாள்.